சும்மாதானே இருக்கீங்க

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் வீட்டில் சொல்லப்படும் "சும்மாதானே இருக்கீங்க" என்ற வாக்கியம் தனியாக வருவதில்லை. பின்னாலேயே ஒரு பையோ, பாத்திரமோ, கட்ட வேண்டிய பில்லோ வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒரு ஷிஃப்ட்தான் வேலை. ஆர்டர் நெருக்கினால் ஓவர்டைம். அதற்கு டீயும் வடையும் உண்டு. இப்போது வாட்ச்மேன், ப்யூன், கேஷியர், டெலிவரி பையன் என்று நாலு ஆள் வேலை பார்க்கிறேன். அத்தனைக்கும் சேர்த்து என் பதவியின் பெயர் "சும்மா". டீ நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரியைக் குறை சொல்லிப் பயனில்லை. குற்றம் மண்ணூர்பேட்டையுடையது. பாடியைத் தாண்டி, திருவள்ளூர் நெடுஞ்சாலையில் எஸ்டேட்டை ஒட்டி இருக்கும் இந்த ஊர், தான் பட்டணமா கிராமமா என்று முடிவு கட்டாமலே வளர்ந்துவிட்டது. பட்டணத்தில் இருப்பவனுக்குப் பட்டணத்து வேலையோடு போயிற்று. கிராமத்தில் இருப்பவனுக்குக் கிராமத்து வேலையோடு சரி. எங்களுக்கு இரண்டும் உண்டு. போனுக்கு ஓ.டி.பி. வந்த அதே நிமிஷம் வாசலில் பூம்பூம் மாட்டுக்காரரும் வந்து நிற்பார். இருவரும் காத்திருக்க மாட்டார்கள்.

பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவினின் அம்பத்தூர் பால்பண்ணை எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். பாக்கெட் விடியும் முன்னே வந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் பாக்கெட் பால் டீக்கு மட்டும். தயிர் உறைய வைக்கக் கறந்த பால்தான் வேண்டும். பின் தெருவில் இரண்டு மாடு வைத்திருக்கிறவரிடம் போய், கறக்கும்போது பக்கத்தில் நின்று, தண்ணீர் சேராமல் பார்த்துக்கொண்டு வாங்கி வர வேண்டும். பார்த்துக்கொள்வதற்குத்தான் நான். அவரோ கறந்துகொண்டே மாட்டுக்கு நேற்று வந்த வயிற்று உப்புசம், கொடுத்த வெற்றிலை மிளகுக் கஷாயம், அதற்கு மாடு முறைத்த முறை எல்லாவற்றையும் சொல்வார். கதை நன்றாக இருக்கும். கதை முடிகிறபோது செம்பும் நிறைந்திருக்கும். எதனால் நிறைந்தது என்று எனக்குத் தெரியாது.

இருந்த இடத்தை விட்டு நகராமலே நான் மூன்று மாவட்டங்களில் குடியிருந்தவன். வீடு கட்டியபோது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997-ல் அதைப் பிரித்தபோது திருவள்ளூர் மாவட்டக்காரன் ஆனேன். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி போய், சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம் வந்தது. ஆனால் மாவட்டம் மட்டும் திருவள்ளூராகவே இருந்தது. 2018-ல்தான் மாவட்டமும் சென்னையாயிற்று. பத்திரத்தில் ஒன்று, பழைய ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. எந்த ஆபீஸிலாவது "எந்த மாவட்டம் ஐயா?" என்று கேட்டால், "எந்த வருஷம் தம்பி?" என்று திருப்பிக் கேட்கிறேன். இதனால் ஒவ்வொரு விண்ணப்பமும் எனக்கு இரண்டு நடை. சும்மாதானே இருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவர் என் சகலை. பாண்டிச்சேரிக்காரர். 1962 ஆகஸ்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. சகலை பாரீஸ் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், நிம்மதி வேண்டும் என்று பிரான்சின் தெற்கே ஒரு கிராமத்தில் வீடு வாங்கிப் போய்விட்டார். அங்கே மதியச் சாப்பாடு முடித்து அவர் காலை நீட்டும் நேரம் இங்கே மாலை ஐந்தரை. அப்போது போன் வரும்.

"சகலை, இந்த வாரம் மூச்சு விட நேரம் இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார். செவ்வாய்க்கிழமை ஊர்ச் சந்தை. தக்காளி விற்கிறவரிடம் தக்காளியின் குலம் கோத்திரம் விசாரித்து வாங்கவே முக்கால் மணி நேரமாம். புதன்கிழமை ஊரில் இருக்கிற ஒரே ரொட்டிக் கடைக்கு லீவு. ரொட்டிக்கு அடுத்த ஊர் போக வேண்டும். வியாழன் குளிர்காலத்துக்கான விறகு வந்து இறங்கியது, அடுக்க வேண்டும். இது ஜூலையில். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடைகள் சாத்தியிருக்கும், ஊரே சாப்பிடும். ஆகஸ்ட் பிறந்தால் பாதிக் கடைகளில் வருஷாந்திர விடுமுறை அட்டை தொங்கும். ஜூலை 14 அவர்கள் தேசிய நாள். வாணவேடிக்கை, மேயரோடு விருந்து. முந்நூறு பேர் இருக்கிற ஊருக்கு ஒரு மேயர். அந்த நாட்டில் இப்படிச் சுமார் 35,000 கம்யூன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயராம். சென்னையில் 200 வார்டுக்கும் சேர்த்து ஒருவர்தான். எங்கள் மேயரோடு சாப்பிட என் முறை வருவதற்குள் எனக்குச் சர்க்கரை முற்றிவிடும்.

இதுதான் மூச்சு விட நேரம் இல்லாத வாரம். நான் என் வாரத்தைச் சொல்ல வாயெடுத்தால் "சரி சகலை, வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துக்குத் தண்ணி விடணும்" என்று வைத்துவிடுவார். ஆகவே இங்கே சொல்கிறேன். மாதம் ஆடி. மண்ணூர்பேட்டையில் ஆடி மாதம் சும்மா இருப்பவனுக்கு ஆகாது.

திங்கட்கிழமை பேப்பரில் அறிவிப்பு வந்தது. செவ்வாய் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை, பராமரிப்புப் பணிக்காக மின்தடை. இந்தப் பகுதியை எங்கள் வீட்டில் காலமானார் விளம்பரத்துக்கு அடுத்தபடியாகக் கவனமாகப் படிப்பார்கள். இந்தப் பக்கம் அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் ரெட்டேரிக்கும் தண்ணீர் போகும். எங்கள் தெருவில் செய்தியும் அப்படித்தான். மாடி வீட்டு அக்காவுக்குச் சொன்னால் போதும், கோடி வீடு வரை தானாக வழிந்துவிடும்.

தெருவே ஆயத்தமாயிற்று. செவ்வாய் காலை எட்டு மணிக்கு எல்லா வீட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடின. ஒரு பக்கம் அயர்ன் பாக்ஸ், ஒரு பக்கம் மிக்ஸி. சின்டெக்ஸ் தொட்டிகள் நிரம்பி மொட்டை மாடிகளிலிருந்து ஊற்றின. எதிர் வீட்டுப் பையன் நாலு போனைச் சார்ஜில் போட்டு ஐந்தாவதற்கு இடம் தேடினான். என் வீட்டுக்காரி உளுந்தை அரைத்து எடுத்துவிட்டு எட்டே முக்காலுக்கு அரிசியைக் கிரைண்டரில் போட்டாள்.

"ஒன்பதுக்குப் போயிடுமே" என்றேன்.

"ஒன்பதுன்னா ஒன்பதரைங்க" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் கமிட்டி மீட்டிங்கோ சொன்ன நேரத்துக்கு நடந்ததே இல்லை. மின்சாரம் மட்டும் எந்த உரிமையில் நேரத்துக்குப் போகும்? ஆனால் போனது. கடிகார முள் ஒன்பதைத் தொடவும் கிரைண்டர் ஒரு முனகலோடு நின்றது. தெருவில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு எதிர் வீட்டிலிருந்து அந்தப் புராதனமான கேள்வி வந்தது: "உங்க வீட்லயும் போயிடுச்சா?" நம் வீட்டில் மட்டும் போனால் துக்கம், எல்லார் வீட்டிலும் போனால் ஒரு நிம்மதி. நிம்மதியோடு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

நிம்மதி இல்லாதவள் என் வீட்டுக்காரி மட்டும். கிரைண்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு நெருடிப் பார்த்தாள். அரிசி பாதி மாவு, பாதி ரவை. இரண்டு மணி வரை அப்படியே விட்டால் உளுந்து இந்த வெயிலில் தனியாகப் பொங்கிவிடும். தெரு முனை மாவுக் கடையிலும் கரண்ட் இல்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கிற என் தங்கச்சி வீட்டில் உண்டு.

மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று. அதில் பாதி அரைந்த அரிசி. மூடி கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு பழைய துண்டு கட்டி, ஷேர் ஆட்டோவில் என்னை ஏற்றிவிட்டாள். என் வாழ்க்கையில் எத்தனையோ சாமான் தூக்கியிருக்கிறேன். லேத்தின் சக்கைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஆனால் ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் மடியில் தளும்புகிற சரக்கு இதுதான்.

எனக்கு எதிரே பூக்கூடையோடு ஒரு அம்மா. "இன்னாண்ணே, மாவா?"

"பாதி மாவு."

"நாலுக்கு ஒண்ணு போட்டீங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வராமல் "அதேதான்" என்றேன். "உளுந்துக்கு ஐஸ் தண்ணி ஊத்தி அரைச்சீங்கன்னா பஞ்சு மாதிரி வரும்" என்றார். அவர் பக்கத்தில் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, காதில் இயர்போனோடு ஒரு பெண். எஸ்டேட்டில் லேத் பட்டறைகள் இருந்த இடங்களில் இப்போது எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போகிறவள். இயர்போனைக் கழற்றி, "அங்கிள், வெந்தயம் போட்டீங்களா?" என்றாள். டிரைவர் திரும்பாமலே, வெந்தயம் போட்டால் தோசைக்குத்தான் நல்லது, இட்லிக்கு ஆமணக்கு விதை இரண்டு போட வேண்டும் என்றார். சிக்னல் விழுந்திருந்ததை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துத்தான் இட்லி விவகாரம் முடிந்தது.

"டன்லப் இருக்கா, டன்லப்?" என்றார் டிரைவர். ஒருவர் இறங்கினார். டன்லப்பில் டயர் போட்டுப் பல வருஷமாகிறது. கம்பெனி போய்விட்டது, ஸ்டாப்பிங் இருக்கிறது. வேறு ஊர்களில் பஸ் ஸ்டாப்புக்குப் பிள்ளையார் கோயில் என்றோ ஆலமரம் என்றோ பெயர் இருக்கும். இந்த ரோட்டில் லூகாஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், டன்லப் என்று ஸ்டாப்பிங் பெயர்களைப் படித்தால் மஸ்டர் ரோல் படிப்பது போலிருக்கும். 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கியது. 1961-ல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். அந்த 60-களிலேயே எஸ்டேட்டும் எழும்பிற்று. அதுவரை இங்கெல்லாம் ஏரிப் பாசன வயல். அந்த வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்தார்கள். அப்போதெல்லாம் பிரிட்டானியா பக்கம் பஸ் போகும்போது பிஸ்கட் வேகிற வாசனை மூக்கில் ஏறும். ஷிஃப்ட் முடிந்து பசியோடு வருகிறவனுக்கு அது சித்திரவதை. அந்த ஐ.டி. கார்டுப் பெண்ணிடம் இதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் இயர்போனை மறுபடி மாட்டிவிட்டாள். வெந்தயத்துக்குக் கழற்றியவள் வரலாற்றுக்குக் கழற்றவில்லை.

தங்கச்சி வீட்டில் மாவு அரைப்பட்டது. "அண்ணன் வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று ஆறு இட்லி வைத்தாள். அவள் அரைத்த மாவு வேறு ரகம், அது வேறு விஷயம். இறங்கும்போது, மாப்பிள்ளை ஊரிலிருந்து கொண்டுவந்த முருங்கைக்காய் ஒரு கட்டும், அவள் அண்ணிக்கு எடுத்து வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலும் சேர்ந்துகொண்டன. வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. "அங்க போய் சும்மா உக்காந்துட்டீங்களா?" என்றாள் வீட்டுக்காரி. இரண்டு அடித்ததும் கரண்ட் வந்தது. அதுவும் நேரத்துக்கு.

புதன்கிழமை நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

1995-ஆம் வருஷத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் எனக்கு ஒரு பென்ஷன் வருகிறது. அதில் குறைந்தபட்சத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014-ல் ஆக்கினார்கள். என் தொகை அதைவிடக் கொஞ்சம் கூட. எவ்வளவு என்று சொன்னால் சிரிப்பீர்கள். நகைச்சுவைக் கட்டுரைக்கும் ஓர் அளவு வேண்டும். அந்தத் தொகை தொடர்ந்து வர வருஷத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். முன்பு ஒரு அதிகாரி நம் முகத்தைப் பார்த்து, "இருக்கிறார்" என்று கையெழுத்துப் போடுவார். இப்போது கட்டை விரல் சொல்ல வேண்டும்.

என் கட்டை விரல் சொல்லவில்லை. டர்னர் கைக்கு ரேகை ஏது? இரும்புப் பிசிறும் கூலன்ட் எண்ணெயும் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் தேய்த்துவிட்டன. ஒரு ஷாஃப்ட்டைத் தடவிப் பார்த்தே எவ்வளவு தூக்கல் என்று சொல்லிவிடுகிற விரல்கள் இவை. இன்ஸ்பெக்‌ஷன்காரர் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து ஒப்புக்கொள்வார். அந்த விரல்களை மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரவுசிங் சென்டர் தம்பி பொறுமைசாலி. "ஐயா, சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க." கழுவினேன். "துடைச்சிட்டு வைங்க." வைத்தேன். "தலைமுடியில தேய்ச்சிட்டு வைங்க, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினா விழும்." தேய்க்க முடி வேண்டுமே. பக்கத்தில் நின்றிருந்தவர் தன் தலையைக் காட்டினார்; அவ்வளவு நெருக்கம் வேண்டாம் என்று நெற்றியில் தேய்த்தேன். பத்து விரலும் முடிந்தது. ஒன்றும் பொருந்தவில்லை. மெஷின் கணக்குப்படி நான் இல்லை.

"பரவால்ல ஐயா, முகத்தை வச்சுப் பண்ணிடலாம்" என்று போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். "நேராப் பாருங்க. இப்பக் கண்ணைச் சிமிட்டுங்க."

சிமிட்டினேன்.

"ஐயா, மூடிட்டுத் தூங்கக் கூடாது. சட்டுன்னு சிமிட்டணும்."

மறுபடி சிமிட்டினேன். வரிசையில் பின்னால் நின்ற விதவைப் பென்ஷன் அம்மா, "ஏம்பா, இந்த வயசுல இவரு யாரைப் பார்த்துக் கண்ணடிப்பாரு? எதிர்ல ஆளில்லாம எப்படி வரும்?" என்றார். கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து கண் தானாகச் சிமிட்டியது. அந்த ஒரு நொடியில் பச்சை டிக் விழுந்தது. அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு, இன்னும் ஒரு வருஷத்துக்குச் செல்லுபடியாகும் மனிதனாக வீட்டுக்கு வந்தேன்.

"உயிரோட இருக்கீங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? அப்ப அந்தக் கொண்டைக்கடலையைக் கல் பொறுக்கி ஊறப் போடுங்க" என்றாள் வீட்டுக்காரி.

கடலை வியாழக்கிழமைக்கு. வியாழன் என்றால் பாடி திருவலிதாயம். சம்பந்தர் பாடிய தலம், தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் ஒன்று. பரத்வாஜ முனிவர் வலியன் குருவியாக வந்து பூசித்தார் என்பது தலபுராணம். குருபகவானும் இங்கே வழிபட்டதாகச் சொல்வதால் வியாழக்கிழமைகளில் மஞ்சள் துணியும் கடலை மாலையுமாகக் கூட்டம் நெரியும். ரோட்டில் கம்பெனி லாரிகள் ஓடுகிற இரைச்சலைத் தாண்டி உள்ளே போனால் ஏழாம் நூற்றாண்டு. வீட்டுக்காரி ஏழாம் நூற்றாண்டுக்குள் போனாள். நான் வெளியே இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இரண்டு ஜோடிச் செருப்பையும் ஸ்கூட்டரையும் பார்த்துக்கொண்டேன். எனக்குக் குரு பார்வை வேண்டாமா என்று கேட்டதற்கு, உங்களுக்கு என்ன குறை, சும்மாதானே இருக்கீங்க என்றாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் கூழுக்குப் போயின. எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் வார்ப்பார்கள். கமிட்டிப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார்கள். "ஐயா, உங்க பேர்ல 1,001 எழுதிட்டோம்" என்றார்கள். எழுதட்டுமா என்று கேட்கிற வழக்கம் என் அப்பா காலத்தோடு போயிற்று. தெரு முனையில் சீரியல் பல்பில் அம்மன். சூலம் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரியும். மைக்செட் காலை ஐந்துக்குத் தொடங்கியது. எல்.ஆர். ஈஸ்வரி அம்மாவின் குரலுக்கு எழுந்து, அதே குரலுக்குப் படுத்தோம். நடுவில் சகலை போன் செய்தார். "என்ன சகலை சத்தம்?" என்று கேட்டது போலிருந்தது. நான் "ஆமாம், ஆமாம்" என்றேன். விறகைப் பற்றி ஏதோ சொன்னார்.

சனிக்கிழமை ராத்திரி கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தார்கள். தெருப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார்கள். முருங்கைக்கீரை உருவினார்கள். என் முருங்கைக்காய்க் கட்டும் கருவாட்டுக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கேட்கவில்லை, எழுதிட்டோம் என்கிற அதே முறை. ஞாயிறு விடியற்காலையில் ரோட்டிலேயே செங்கல் அடுக்கி அடுப்பு. அண்டாவில் நொய் குழைந்ததும் புளித்த மாவை ஊற்றிக் கிண்ட வேண்டும். ஒரு நிமிஷம் விட்டால் கட்டி தட்டும், இரண்டு நிமிஷம் விட்டால் அடி பிடிக்கும். துடுப்பு என் கைக்கு வந்தது.

"ஐயா லேத் ஓட்டுனவரு. சுத்துறது அவருக்குப் பழக்கம்" என்றார் கமிட்டித் தலைவர்.

லேத்தில் ஜாப்தான் சுற்றும்; டூல் சுற்றாது. இங்கே அண்டா நிற்கிறது, டூல் சுற்ற வேண்டியிருக்கிறது. இந்தத் தொழில்நுட்ப வித்தியாசத்தை விளக்கினேன். "ஆமாங்கய்யா, கிண்டுங்க" என்றார். கூழ் கொதிக்கிறபோது குமிழி உடைந்து தெறிக்கும். சரியாக முழங்கைக்கு மேலே, தண்ணீர் ஊற்ற முடியாத இடமாகப் பார்த்து விழும். சுற்றிலும் இளவட்டங்கள் நின்று "அந்த ஓரம் ஐயா, இந்த ஓரம் ஐயா" என்று மேற்பார்வை பார்த்தார்கள். எஸ்டேட்டில்கூட எனக்கு இத்தனை சூப்பர்வைசர்கள் இருந்ததில்லை.

அம்மனுக்குப் படைத்து முடிந்ததும் வரிசை நின்றது. சொம்பு, தூக்கு, குடிதண்ணீர் பாட்டில், ஆபீஸ் டிபன் பாக்ஸ் என்று வந்த பாத்திரங்களைப் பார்த்தாலே ஊர் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும். ஐ.டி. கார்டு கழுத்தோடு ஞாயிறு ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் பைக்கை நிறுத்திவிட்டு நின்றார்கள். சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்கள், பெட்டியில் யாருடைய பிரியாணியோ ஆற, கூழ் குடித்தார்கள். எஸ்டேட் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற ஒடிசாப் பையன்கள் நாலு பேர் கடைசியில் தயங்கி நின்றார்கள். ஒருவன் ஒரு வாய் குடித்துவிட்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "மண்டியா ஜாவு!" என்றான். அவர்கள் ஊரிலும் கேழ்வரகுக் கூழ் உண்டாம். நாலு பேரும் போய் இரண்டு லிட்டர் பாட்டில்களோடு திரும்பி வந்தார்கள். வெங்காயத்தை அவர்கள் கடித்த வேகத்தைப் பார்த்து மாடி வீட்டு அக்காவே ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பு கூடப் போட்டார்.

மதியம் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுக் கணக்கு முடிக்க உட்கார்ந்தோம். அடுத்த ஞாயிறு பின் தெருக் கோயில் கூழ். அவர்கள் கமிட்டியிலிருந்து மூன்று பேர் ரசீதுப் புத்தகத்தோடு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் பால்காரர். போன வாரம் அவர்கள் எங்களுக்கு 501 எழுதியிருந்தார்கள். எங்கள் பொருளாளர் பெட்டியைத் திறந்து ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது.

"இது நாங்க குடுத்த நோட்டாச்சே?" என்றார் பால்காரர்.

"போன வருஷம் நாங்க குடுத்து நீங்க திருப்பினதுதான் அது" என்றார் பொருளாளர்.

அப்படியானால் அவர்கள் 501 அவர்களிடமும், எங்கள் 501 எங்களிடமும் இருந்துவிட்டால் ரசீதுத் தாளாவது மிச்சம்தானே என்று நான் யோசனை சொன்னேன். இரண்டு கமிட்டியும் சேர்ந்து என்னைப் பார்த்தன. "மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல ஐயா" என்றார் தலைவர். ரசீது எழுதப்பட்டது. ஐந்நூறு பெட்டியிலிருந்து போயிற்று. மேலே வைக்க வேண்டிய ஒரு ரூபாய்க் காசு மட்டும் பெட்டியில் இல்லை. அதை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.